மாடி வெயில்

அன்புள்ள சரவணனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "அம்மா, ஆப்ல பார்க்குறேன், நம்ம வீட்டுல மறுபடியும் சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வருது. என்ன பண்ணீங்க?" என்று கேட்டாய். உன் பக்கம் பாலைவனக் காற்று இரைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இது போனில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. இதில் உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதை நானும் அப்பாவும் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தோம். நீ கோபத்தில் இருந்தாய், ராஜஸ்தானில் இருந்தாய், எதைச் சொன்னாலும் பாதிதான் காதில் விழும் என்று தோன்றியது. இப்போது நீயாகவே கேட்டுவிட்டாய். அதனால் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். நீயும் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

நம் மாடியில் பேனல் வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து நீ அதைக் கேட்டதில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றியே என் சர்வீஸ் முழுக்கப் போனது. மின்சாரம் எங்கிருந்தோ வரும், நாம் அதற்கு வழி செய்து கொடுப்போம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உறவு. ரிட்டயர் ஆனதும் நீ ஒரு சார்ட் பேப்பரில் நம் மாடியை வரைந்து, கிழக்கே ஒரு வரிசை, மேற்கே ஒரு வரிசை என்று பேனல்களைப் போட்டுக் காட்டினாயே, அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வந்தது. நம் வீட்டு மாடியிலேயே மின்சாரம் பிறக்கப் போகிறது, அதை வரைந்தவன் என் பிள்ளை. வேலை முடிந்த அன்று ஈபிக்காரர் புது மீட்டரை மாட்டிவிட்டு, "இப்ப நீங்க எங்களுக்குக் கரண்ட் குடுக்குறீங்கம்மா" என்று சிரித்தார். நான் அந்த மீட்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். அப்பா வந்து, "காப்பி ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் பட்டப்பகலில் கரண்ட் போனது. வெயில் கொளுத்துகிறது, தெருவில் எந்த வீட்டிலும் ஃபேன் ஓடவில்லை. பக்கத்து வீட்டுத் தனம் அக்கா ஒரு கையில் விசிறியும் இன்னொரு கையில் போன் சார்ஜருமாக நம் வீட்டுக்குள் நுழைந்தார். நம் ஹாலிலும் ஃபேன் நின்றுபோயிருந்தது.

"என்ன சரவணன் அம்மா, மாடி பூரா கண்ணாடி மாட்டி வச்சிருக்கீங்க, வெயிலும் இப்படி அடிக்குது, உங்க வீட்டுலயும் ஃபேன் ஓடலையா?"

நான் விளக்கினேன். தெருவில் கரண்ட் போனால் நம் சோலார் மிஷினும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் மாடியிலிருந்து போகிற மின்சாரம், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் கையில் பாயும். பேட்டரி வைத்தால் வேறு விஷயம், நாம் வைக்கவில்லை. அக்கா வாசல் வழியாகத் தெருக் கம்பத்தை எட்டிப் பார்த்தார். "கம்பத்துல ஏறுறவரு நல்லா இருக்கட்டும்னு நாம வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம். சரி, நல்லதுதான். விசிறுங்க" என்று விசிறியை என் கையில் கொடுத்தார். அப்படிப்பட்டவர் அவர். கோயில் பக்கத்தில் பூக்கடை. புருஷன் போன பிறகு தனியாளாக அந்தக் கடையை நடத்திப் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர். தினமும் காலையில் நம் வீட்டு வாசலில் ஒரு முழம் பூ தொங்கும். அது நீ ஸ்கூலுக்குப் போன காலத்திலிருந்து நடக்கிறது.

அதற்குப் பிறகு நம் தெருவிலேயே பேனல் மாட்டிய வீடுகள் எத்தனை வந்துவிட்டன. மானியம் வருகிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு மாடிக்கு ஏறிப் பார்க்க ஆரம்பித்தார்கள். காலையில் வத்தல் காயப் போடுகிற இடத்தில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் தெற்கு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். குரங்குகள் பேனல் மேல் உட்கார்ந்து பேன் பார்க்கின்றன என்று ஒரு வீட்டில் வலை கட்டினார்கள். உப்பிலியபுரத்தில் உன் மாமாவும் கிணற்றில் சோலார் மோட்டார் போட்டுவிட்டார். முன்பெல்லாம் மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்து, வந்த நேரத்துக்கு ஓடி, வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். இப்போது சூரியன் ஏறியதும் மோட்டார் ஓடுகிறது. "பகல்ல தண்ணி பாய்ச்சுறவன் மனுஷனாட்டம் தூங்குறான்க்கா" என்றார் என்னிடம். ஆனால் அதே மூச்சில், தண்ணீர் சும்மா வருகிறதே என்று எல்லோரும் நாளெல்லாம் இறைத்தால் கிணறு என்னாகும் என்றும் கவலைப்பட்டார். இந்த மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துப் பேசுகிறவர்கள் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

இந்த வருஷம் நீ பொங்கல் முடிந்து சோலார் பிளான்ட் வேலைக்கு ராஜஸ்தான் கிளம்பினாய். பங்குனியில் தனம் அக்காவின் பெண் மீனா, திருப்பூரிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து இறங்கினாள். கூடவே தையல் மிஷினும் வந்தது. தையல் மிஷினைப் பார்த்ததுமே இது லீவுக்கு வந்த வரவு இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் புருஷனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குழந்தைகளில் பெரியவள் இடது கையைத் தூக்க முடியாமல் வைத்திருந்தாள். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அக்கா வீடு உனக்குத் தெரியும். முன்னறை முழுக்கப் பூக்கூடை, பின்னால் ஒரே அறை, சமையல் ஒரு மூலை. சித்திரையில் ஒரு நாள் அக்கா நம் வீட்டுக்கு வந்து, ஹாலில் உட்கார்ந்து, மாடியில் ஒரு வீடு கட்டப் போகிறேன், பிளான் போட்டாயிற்று, கோயில் கோபுரத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு இருப்பதால் ஒரே ஒரு மாடிதான் விடுகிறார்கள் என்றார்.

அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. என் மனசில் முதலில் வந்தது மீனா இல்லை. அவர்கள் வீடு நமக்கு மேற்கே இருக்கிறது என்பதுதான்.

"அக்கா, மத்தியானத்துக்கு மேல எங்க பேனல் பூரா நிழல் விழுந்துடுமே" என்றேன்.

"விழுந்தா?"

"ஒரு பேனல்ல நிழல் விழுந்தாலே அந்த வரிசையே இளைச்சுப் போயிடும்க்கா. பாதி நாள் போயிடும். சரவணன் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டது."

"அதுக்காக என் பொண்ணைப் பூக்கூடை மேல படுக்கச் சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலைக்கா. வேற எப்படியாச்சும் கட்ட முடியுமான்னு பாருங்கன்னுதான்…"

"வெயிலுக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கீங்களா, சரவணன் அம்மா?"

"உங்க சுவத்துக்கு மேல இருக்குற வானத்துக்கு நீங்க வாங்கி வச்சிருக்கீங்களா?"

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் அதுதான் வந்தது. அக்கா எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் வாசல் வெறுமையாக இருந்தது. அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்த எடுப்பிலேயே, "அப்ஜெக்‌ஷன் குடும்மா, கட்டுறதுக்கு முன்னாடியே குடுத்தாத்தான் செல்லும்" என்றாய். அது ஒரு எஞ்சினியர் சொன்ன பதில், தப்பும் இல்லை. நீயே வாசகம் எழுதி அனுப்பினாய். நான் அதைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். பிளானில் தப்பு எதுவும் தெரியவில்லை, வெயில் மறைக்கிறது என்பதற்கென்று தனியாக விதி இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். "ஆனா நீங்க எழுதிக் குடுத்தா வாங்கிக்குவோம்மா. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் வேலை நிக்கும்."

"எவ்வளவு நாள் நிக்கும்?"

"அது சொல்ல முடியாதுங்க. கொஞ்சம் இழுக்கும்."

ஆக, என் கையில் இருந்த காகிதம் ஜெயிக்கப் போகிற காகிதம் இல்லை. இழுக்கப் போகிற காகிதம். கொடுத்தால் எனக்கு வெயில் நிச்சயம் இல்லை, ஆனால் மீனாவுக்கு வீடு தள்ளிப் போவது நிச்சயம். பெஞ்சில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். ஜூன் மாதம் ஸ்கூல் திறக்கும். அந்தக் குழந்தைகள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள்? இன்னொரு பக்கம், நானும் சும்மா கேட்கவில்லையே. ஊரெல்லாம் மாடியில் பேனல் போடு போடு என்கிறார்கள். போட்டவன் பக்கத்தில் சுவர் எழும்பினால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு சோர்வுதான். காகிதத்தைக் கொடுக்காமல் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அதுவரைக்கும் அவர் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. அன்றைக்குச் சொன்னார்: "டவுன் பஸ்ல டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் நான் சீட் குடுத்ததில்ல. சீட் இருந்தாத்தானே குடுக்க? கொஞ்சம் உள்ள தள்ளிப் போங்க, கொஞ்சம் ஒட்டி நில்லுங்கம்பேன். எப்படியோ எல்லாரும் வந்து சேருவாங்க. நீ சீட்டைப் பத்தியே யோசிக்கிற. யாரு எங்க நிக்கலாம்னு யோசி."

கண்டக்டர் பையைக் கழற்றி வைத்து இத்தனை வருஷம் ஆகியும் எல்லாவற்றையும் பஸ்ஸாகவே பார்க்கிறாரே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் மாடிக்குப் போனேன். சாயங்கால வெயில், கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று. தனம் அக்கா வீட்டு மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு மாடி எழும்பினால் என் வெயில் காணாமல் போகாது, ஒரு மாடி மேலே ஏறி அவர்கள் தலைமேல் விழும், அவ்வளவுதான். மேற்கு வரிசை பேனல்களும் அதோடு ஏறிவிட்டால்? நம் சோலார் இன்வெர்ட்டரில் இரண்டு வரிசைக்கும் தனித்தனி வழி வைத்தவன் நீ. கிழக்கு வரிசை இங்கேயே இருக்கலாம். மேற்கு வரிசை அங்கே போகலாம். நடுவில் ஒரு கேபிள். கம்பி சுற்றியவளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது, அதுதான் வேடிக்கை.

கண்டுபிடித்தது சுலபம், அதை வாய்விட்டுக் கேட்பதுதான் கஷ்டம். பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டுக்குள் நானே போனேன். அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு, "நல்லா இருக்கே. இன்னைக்குப் பலகை வைப்பீங்க, நாளைக்கு மாடியே எங்களுதுன்னு சொல்ல மாட்டீங்களா? உங்க பையன் படிச்சவரு, எழுதிக் குடுக்கறதுக்கு வீட்டுலயே ஆளு இருக்கு" என்றார். நான் ஆபீசுக்குப் போன செய்தி அவருக்கு எட்டியிருந்தது. கொடுக்காமல் வந்த செய்தி எட்டவில்லை. கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை, மீனாவிடம் நீட்டினார். மீனா படித்துவிட்டு, "சீலு எதுவும் இல்லம்மா. குடுக்கலை" என்றாள்.

பிறகு மீனாதான் என்னிடம் கேட்டாள். "அத்தை, அந்தப் பலகையைத் தரையோட தரையா வைக்கணுமா? இல்ல ஆள் நிக்கிற உயரத்துல தூக்கி வைக்கலாமா?"

"தூக்கியும் வைக்கலாம்மா. கம்பி ஸ்டாண்டு கொஞ்சம் பலமாப் போடணும்."

"அப்ப அதுக்கு அடியில நிழல் இருக்கும்ல? காத்தும் வரும். அம்மா அங்க உக்காந்து பூ கட்டலாம். கீழ முன்னறை காலியாயிடும்."

அக்கா அப்போதும் சரி என்று சொல்லவில்லை. "பூ வாடாம இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் பாதி சம்மதம் இருந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் சில நாள் ஆனது. மாடி அவர்களுடையது, பேனல் நம்முடையது, எந்தப் பக்கம் யார் வீட்டை விற்றாலும் பேனலை இறக்கிக்கொள்வது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஈபி ஆபீசில் இருந்த அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, "ஒருத்தர் கனெக்‌ஷனுக்கு இன்னொருத்தர் மாடியா? இப்படி இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேட்டதில்லையேம்மா" என்றார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றவர், நேரில் வந்து இரண்டு மாடியையும் பார்த்துவிட்டுப் போனார். சுவர் எழும்பியது, நிழல் விழுந்தது, பதில் வரவில்லை. அந்த மாதங்களில்தான் நீ ஆப்பில் மத்தியானத்தோடு சரிந்துபோகிற கிராஃப் கோட்டைப் பார்த்துவிட்டு, "இனிமே அந்த பிளான்ட்டைப் பத்தி எங்கிட்டப் பேசாதம்மா" என்றாய். முயற்சி நடக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அனுமதி கிடைக்காமல் போனால் உனக்கு இரண்டாவது ஏமாற்றமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஐப்பசியில் அனுமதி வந்தது.

இனிமேல் சொல்லப் போவதுதான் உனக்குத் தெரியாதது. பயப்படாதே, எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

பேனல்களை மாற்றுகிற வேலைக்கு உறையூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மழை விட்டிருந்த காலை. வெளிச்சம் பட்டால் பேனலில் கரண்ட் இருக்கும் என்று பழைய பெட்ஷீட்டுகளைப் போட்டு மூடி, இணைப்புகளை நானே நின்று கழற்ற வைத்தேன். அவர்கள் மாடி இப்போது நம் மாடியைவிட ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. இரண்டு பேர் மேலே நின்று கயிற்றில் இழுப்பார்கள், கீழே நம் மாடியில் நின்று இரண்டு பேர் அடிமுனையைத் தாங்கிக் கொடுப்பார்கள். அக்கா சும்மா இருப்பாரா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நம் மாடிக்கு வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசிப் பேனல் மேலே போகும்போது தூறல் விழுந்தது. பேனல் காற்றில் கொஞ்சம் திரும்பியது. நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள், அதை நேராக்குகிறேன் என்று அப்பா கைப்பிடிச் சுவர் மேல் ஏறிவிட்டார்.

சுவர் நனைந்திருந்தது. அவர் கால் வழுக்கியதை நான் பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்துப் பக்கம் அவர் உடம்பு சாய்ந்தது. நான் மாடியின் மறுகோடியில் கேபிளைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தேன். தனம் அக்கா பேனலை விட்டார். யோசிக்கவே இல்லை, விட்டார். இரண்டு கையாலும் அப்பாவை இடுப்போடு கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் நம் மாடிப் பக்கம் பொத்தென்று விழுந்தார்கள். பேனல் கயிற்றில் ஆடி, புதுச் சுவரில் மோதி, கண்ணாடி முழுக்க நொறுங்கி வலைபோல ஆனது.

நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அக்காவின் வளையல்கள் உடைந்து முழங்கையில் ரத்தம். அப்பா மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, "ஹோல்டான், ஹோல்டான்" என்று முனகிக்கொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற அதே குரல். மேலே நின்ற ஆட்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டார்.

அக்கா உடைந்த பேனலைப் பார்த்தார். "ஐயோ, போச்சே. நான் விட்டுட்டேன் சரவணன் அம்மா. உங்க பையன் பார்த்துப் பார்த்துப் போட்டதாச்சே" என்றார். முழங்கையில் வழிந்த ரத்தம்கூட அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேனாம், மழை வலுத்த பிறகும் எழுந்திருக்கவில்லையாம். மீனா வந்துதான் எங்களை எழுப்பினாளாம். அப்பாவுக்கு விலாவில் வலி இருந்தது, டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார். அக்காவுக்கு முழங்கையில் தையல் போட்டார்கள். கார்த்திகை பிறந்த பிறகு மேற்கு வரிசையை இணைத்தோம், ஒரு பேனல் குறைவாக. அதனால்தான் உன் ஆப்பில் கோடு சாயங்காலம் வரை வந்தாலும் பழைய உயரம் இருக்காது. அந்த இடத்தில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டலாம் என்று ஆட்கள் சொன்னார்கள். மாட்டுவோம், அவசரமில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? நீ ஒரு தடவை சொன்னாய்: "மாடி மாடியாப் போட்டு நாடு மாறாதும்மா. கண்ணுக்கெட்டின வரைக்கும் பேனல் போடுற எங்க மாதிரி இடத்துலதான் மாறும்." இருக்கலாம். நீ அங்கே செய்கிற வேலை சின்ன வேலை இல்லை, அது எனக்குப் பெருமைதான். நீ அனுப்பிய பேனல் போட்டோவை ஒர்க்‌ஷாப் சிநேகிதிகள் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். கடல் என்றே நினைத்தார்கள். ஆனால் ஊருக்குள் சூரிய மின்சாரம் வரும்போது அது ஒவ்வொரு மாடியிலும் ஒரு அடுத்த வீட்டுக்காரரைச் சந்திக்கும். எனக்கு வெயில் வேண்டும், அவருக்கு அறை வேண்டும். இரண்டும் நியாயம். நாளைக்கு இதற்குச் சட்டம் வரலாம், வர வேண்டும். வீடு கட்டுகிறவர்களும் பிளான் போடும்போதே அடுத்த மாடியின் வெயிலையும் பார்த்துப் போடுகிற வழக்கம் வர வேண்டும். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நம் தெருக்கோடியில் இரண்டு குடும்பங்கள் இப்போது எங்கள் மாடியை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செய்வார்களோ, சண்டை போடுவார்களோ, யார் கண்டது?

எனக்கும் அக்காவுக்கும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டாப் பேச்சு இரண்டு பேர் மனசிலும் எங்கேயோ இருக்கிறது. ஆனால் மத்தியானத்தில் பேனலுக்கு அடியில் பூ கட்டும்போது என்னையும் கூப்பிடுகிறார். நான் கட்டுகிற சரம் தொளதொளவென்று இருக்கிறது என்று அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். மீனா வாரம் ஒரு தடவை பேனலைத் துடைத்துவிடுகிறாள், துடைக்கும்போது இது என்ன அது என்ன என்று கேட்கிறாள். சோலார் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாமே, பெண்களை எடுப்பார்களா என்று போன வாரம் கேட்டாள். உனக்குத் தெரிந்தால் அவளிடம் பேசு. சேருவாளா, தையலையே தொடருவாளா, தெரியாது. அது அவள் முடிவு.

உனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. தீபாவளிக்குப் பேசும்போது நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். உங்கள் வேலிக்கு வெளியே தினமும் காலையில் ஒரு பெரியவர் ஆடுகளோடு வந்து நிற்கிறார், முன்பு அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போவாராம், இப்போது வேலியைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்றாய். செக்யூரிட்டி விரட்டுகிறார்கள், மறுநாளும் வருகிறார் என்று சிரித்தாய். நீ கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கும். உன் கையில் அந்த வேலியைத் திறக்கிற அதிகாரமும் இருக்காது. ஆனாலும் ஒரு காலை நீ வேலிக்கு வெளியே போ. அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடி. உன் ஹிந்தி அரைகுறை என்றால் பரவாயில்லை, அவர் காத்திருப்பார். எந்த வழியாகப் போவார், எவ்வளவு தூரம் சுற்றுகிறார், ஓரமாக ஒரு பாதை விட்டால் போதுமா என்று கேள். கேட்டுவிட்டு வந்து உன் மேலதிகாரியிடம் சொல். ஒன்றும் நடக்காமல் போகலாம். கேட்டவன் என்று ஒருவன் இருந்தான் என்பதாவது அவருக்குத் தெரியும்.

அடுத்த தடவை போன் பண்ணும்போது அவர் பெயர் என்ன என்று எனக்குச் சொல்.

உன் அம்மா